படுக்கையறைச் சன்னல்: வெளியே தட்டி, உள்ளே திரை

ஏப்ரல் மாதம், மாலை 5 மணி. சென்னையில் எங்கள் வீட்டின் மேற்குப் படுக்கையறையில், மூடிக் கிடந்த திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்த தோசைக்கல்லுக்கு மேலே கை நீட்டியது போல இருந்தது. திரையின் பின்பக்கத்தைத் தொட்டபோது சுட்டது. மெரூன் நிறத்தில், தூக்கினால் கை வலிக்கும் கனத்தில் இருந்த பிளாக்அவுட் துணி அது. வாங்கும்போது கடைக்காரர், "இதப் போட்டா வெயிலே உள்ள வராது மேடம்" என்று உறுதியாகச் சொன்னார். வெளிச்சம் வரவில்லை, அது உண்மை. சூடு மட்டும் குறையாமல் வந்து, நடு இரவு வரை போகாமல் தங்கியது. பகலிலேயே இருட்டாகவும் இரவிலும் வெந்துகொண்டும் இருந்த அந்த அறையில் என் அம்மா படுக்க மறுத்துக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார்.

அந்தத் துணிக்குக் கொடுத்த பணம் போனதைவிட, ஏன் இப்படி ஆனது என்று தெரியாததுதான் என்னை உறுத்தியது. அதன் பிறகு இரண்டு கோடைக்காலம், போகிற வீடுகளில் எல்லாம் படுக்கையறைச் சன்னலில் என்ன தொங்குகிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. துணிக்கடை, தையற்கடை, யுபிவிசி சன்னல் மாட்டுகிறவர், மூங்கில் தட்டி முடைகிறவர் என்று பலரிடம் கேட்டேன். கேட்டதையும் படித்ததையும் ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரிவது இதுதான்: வெயிலுக்கான விடை கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. வெளிச்சத்துக்கும் பிறர் பார்வைக்கும் உரிய விடைதான் உள்ளே தொங்கும் துணி. இரண்டு வேலையையும் ஒரே துணியின் தலையில் கட்டும்போதுதான் தவறு நடக்கிறது.

ஒரு படுக்கையறைச் சன்னலிடம் நாம் கேட்கிறவை ஒன்றுக்கொன்று எதிரானவை. வெயில் வரக்கூடாது, காற்று வர வேண்டும். தெருவிளக்கு வரக்கூடாது, விடியல் வர வேண்டும். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரும் பார்க்கக்கூடாது, நமக்கோ வானம் தெரிய வேண்டும். கொசு எந்நேரமும் வரக்கூடாது. கடையில் போய் நின்றதும் இவை எல்லாம் மறந்து, சுவரின் பெயின்ட்டுக்கு எந்த நிறம் ஒத்துப்போகும், பூப்போட்டதா கோடு போட்டதா என்ற பேச்சில் இறங்கிவிடுகிறோம். நிறமும் பூவும் முக்கியம்தான். தினமும் கண் விழித்ததும் பார்க்கப்போவது அதைத்தானே. ஆனால் அவை கடைசியில் வர வேண்டிய கேள்விகள்.

முதல் கேள்வி திசை. ஜன்னல் என்ற சொல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொற்களில் ஒன்று காலதர், சிலப்பதிகாரத்தில் வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி என்பதே சன்னலுக்குப் பெயர். காற்றுக்கும் நாம் திசை வைத்தே பெயரிட்டோம்: கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை. திரை வாங்கப் புறப்படும் முன் இந்த நான்கில் எது நம் சன்னலுக்கு வருகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். தெற்குச் சன்னல் என்றால் வெயில் என்று நினைக்கிறோம். கடுங்கோடையில் நண்பகலில் அதில் நேர் வெயில் படுவதே இல்லை. டிசம்பரில்தான் அதிகமாகத் தெற்கே சாய்ந்து உள்ளே விழுகிறது. அப்போதும் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருப்பதால், 2 அடி நீட்டிய சன்ஷேடு சன்னலின் மேற்பகுதியில் இரண்டரை அடிக்கு மேல் நிழல் தந்துவிடும். வடக்குச் சன்னலுக்கு வெயிலே வராது என்பதும் முழு உண்மை இல்லை. ஜூனில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது, அதே அளவு வடக்கே தள்ளி மறைகிறது. காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில் சாய்வாக ஒரு வெயில் விழும். படுக்கையின் தலைமாடு அங்கே இருந்தால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போயிற்று.

மேற்குதான் பெரிய பிரச்சினை. ஏப்ரல் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலே 20 டிகிரிக்கும் குறைவான உயரத்துக்கு இறங்கி, சன்னலை நேருக்கு நேர் பார்க்கிறது. அதே 2 அடி சன்ஷேடு அப்போது சன்னலின் மேல்விளிம்பில் முக்கால் அடிக்கும் குறைவாகத்தான் நிழல் தரும். மீதி எல்லாம் வெயில். வானம் தெளிந்த கோடை மாலையில் மேற்குச் சன்னலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 500 வாட் அளவுக்கு வெப்பம் விழலாம். நாலுக்கு நாலு அடிச் சன்னல் ஒன்றரைச் சதுர மீட்டர் வரும். படுக்கையறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, மாலை முழுக்க அப்படியே விட்டுவைத்ததற்கு ஒப்பானது அது.

இனி அந்த மெரூன் திரைக்கு வருகிறேன். சாதாரணக் கண்ணாடி சூரிய ஒளியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். அந்த ஒளி அடர்நிறத் துணியில் பட்டதும் வெப்பமாகிறது. துணி அந்த வெப்பத்தைத் திருப்பி வெளியே அனுப்பப் பார்த்தால், கண்ணாடி அதை விடாது. ஒளியை விடுகிற கண்ணாடி வெப்பக் கதிரை மறித்துவிடும். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கும் காற்று சூடேறி மேலே எழுந்து, ராடுக்கு மேலே உள்ள இடைவெளி வழியாக அறைக்குள் கொட்டுகிறது. கீழிருந்து புதுக் காற்று உள்ளே இழுபட்டு மீண்டும் சூடாகிறது. நான் பணம் கொடுத்து வாங்கி மாட்டியது, சுவர் அகலத்துக்கு ஒரு புகைபோக்கி.

வெயிலைக் கண்ணாடியில் படுவதற்கு முன்பே நிறுத்திவிட்டால் இந்த வம்பே இல்லை. துணி சூடானால் அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். நம் ஊர்களில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள். தாழ்வாரத்தில் தென்னங்கீற்றுத் தட்டி, சன்னலுக்கு மூங்கில் தட்டி, புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரத் தெருக்களில் பலகை சாய்த்து அடுக்கிய மரக்கதவுகள். வெயில் பலகையில் நிற்கும், காற்று சந்து வழியாக நுழையும். மரக்கதவு செய்ய இன்று செலவு அதிகம். மூங்கில் தட்டி அப்படி இல்லை. சன்ஷேடின் அடியில் இரண்டு கொக்கி அடித்து, நைலான் கயிற்றால் சுருட்டி ஏற்றி இறக்கும்படி கட்டினால் போதும். கீழ்முனையைக் கிரில் கம்பியோடு பிணைக்காவிட்டால் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு கட்டுக்கயிறு இற்று, குச்சிகள் உதிரத் தொடங்கும்; மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும்.

வெட்டிவேர்த் தட்டியைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. திருச்சியில் என் அத்தை வீட்டில் மே மாதம் முழுக்க மேற்குச் சன்னலில் அது தொங்கும். மதியம் சாப்பாடு முடிந்ததும் அத்தை பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்து, மேல்விளிம்பில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஊற்றிக்கொண்டே போவார். வேர்கள் கறுத்து, நுனியில் துளி துளியாய்ச் சேர்ந்து தரையில் வைத்த தட்டில் சொட்டும். வெளியே அனலாக வீசும் கோடைக்காற்று அதைக் கடந்து உள்ளே வரும்போது மண்வாசனையோடு குளிர்ந்திருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றே குறைவான வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ச்சி வந்த வழி அதுதான். ஆனால் இது வறண்ட காற்றுள்ள ஊருக்கு உரிய முறை. திருச்சி, மதுரை, வேலூர் போன்ற ஊர்களில் எடுபடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்று வந்தபின் காற்றே ஈரமாக இருப்பதால் தண்ணீர் ஆவியாகாது. வாசனை மட்டும் மிஞ்சும், அறையில் புழுக்கம் கூடும். கடலோர நகரத்தில் வெட்டிவேர்த் தட்டி வாங்கி ஏமாந்தவர்கள், அது கெட்ட பொருள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

அடுக்குமாடியில் வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது என்று சங்கம் தடுத்தால் என்ன செய்வது? அப்போது உள்திரைதான் வழி, அதிலும் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளை லைனிங் ஒளியை ஒளியாகவே திருப்பி அனுப்பும். ஒளி கண்ணாடியைத் தாண்டி வெளியே போய்விடும். அறையைப் பார்க்கும் பக்கம் மெரூனோ மயில்நீலமோ உங்கள் விருப்பம். ராடுக்கு மேலே பெல்மெட் வைத்து மூடிவிட்டால் அந்தப் புகைபோக்கியின் வாயும் அடைபடும். இந்த இரண்டும் செய்தால் உள்திரையாலும் கணிசமான பயன் உண்டு, வெளித் தட்டிக்கு ஈடாகாது என்றாலும். கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமும் உதவும். ஆனால் அது நிரந்தரம். மார்கழியில் வேண்டிய இளவெயிலையும் சேர்த்தே மறைக்கும்.

இனி வெளிச்சம். இருட்டு உடலுக்கு எதற்கு என்பதைப் பற்றிக் கடந்த கால் நூற்றாண்டில் நிறையத் தெரியவந்திருக்கிறது. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பதை 2002-இல் கண்டறிந்தார்கள். நீலம் கலந்த ஒளிக்கு அவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. தெருவில் முன்பு மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்கில் நீலம் மிகக் குறைவு. 2015 ஜனவரியில் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பின் நாடெங்கும் வெள்ளை எல்இடி விளக்குகள் வந்தன. மின்சாரம் மிச்சம், தெருவும் பளிச்சென்று தெரிகிறது. நடந்து வருகிற பெண்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் முதல் மாடிப் படுக்கையறைக்கு நேராகக் கம்பம் நிற்கும் வீடுகளில், முன்பு தேவைப்படாத திரை இன்று தேவைப்படுகிறது.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 20 இளைஞர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரே ஓர் இரவு 100 லக்ஸ் வெளிச்சத்தில் தூங்கியவர்களுக்கு, மங்கலான அறையில் தூங்கியவர்களைவிட இதயத் துடிப்பு கூடியிருந்தது. மறுநாள் காலை இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவதும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். அதே ஆண்டு பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள்: தூங்கும்போது கண்ணருகே, உடலின் கடிகாரத்தைத் தூண்டும் வெளிச்சம் 1 லக்ஸுக்கு மேல் வேண்டாம், பகலில் 250 லக்ஸுக்குக் குறைய வேண்டாம். முழுநிலவின் ஒளியே சுமார் கால் லக்ஸ்தான் என்பதை நினைத்தால், 1 லக்ஸ் எவ்வளவு இருட்டு என்று புரியும். மொட்டைமாடியில் பௌர்ணமியில் படுத்து நன்றாகத் தூங்கிய நம் பெரியவர்கள் அந்த வரம்புக்குள்தான் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் பரிந்துரையின் இரண்டாம் பாதியைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. இரவு இருட்டு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு காலை வெளிச்சமும் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் உடலின் கடிகாரத்தை ஓட்டுகின்றன. எல்லாப் படுக்கையறைக்கும் பிளாக்அவுட் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் அறையில், கிழக்குச் சன்னலில், தெருவிளக்குத் தொல்லையும் இல்லாதபோது, கனமான கறுப்புத் துணியை மாட்டிவிட்டுக் காலையில் எழுப்ப முடியவில்லை என்று திட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அங்கே நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி போதும். இரவுப் பணி செவிலியர், மென்பொருள் நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவர், கைக்குழந்தையோடு பகலில் கண்ணயரும் தாய்: இவர்களுக்குத்தான் முழு இருட்டு மருந்து போல அவசியம்.

அப்படி வாங்குகிறவர்கள் துணியைப் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். பிளாக்அவுட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று பூச்சுத் துணி. துணியின் முதுகில் நுரைப் பூச்சைப் படலம் படலமாக ஏற்றியிருப்பார்கள்; வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மூன்று படலம் இருப்பதுதான் ஒளியை முழுதாக மறிக்கும். இன்னொன்று, நெய்யும்போதே நடுவில் கறுப்பு நூலை வைத்து நெய்தது. இது பெரும்பாலும் மறிக்கும், முழுதாக மறிக்காது, ஆனால் மடிப்பு அழகாக விழும், துவைக்க எளிது. கடையில் செல்போன் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பூச்சுத் துணியைப் பிழியக்கூடாது, மெஷினில் சுழற்றக்கூடாது. மடிப்பு விழுந்த இடத்தில் பூச்சு வெடித்து, பிறகு விண்மீன் பூத்தாற்போலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும்.

துணி எவ்வளவு நல்லதானாலும் வெளிச்சம் ஓரங்களில்தான் ஒழுகுகிறது. சன்னல் அகலத்துக்கே ராடு வெட்டி மாட்டுவது நம் வீடுகளில் நான் காணும் பொதுவான பிழை. இருபுறமும் அரை அடி நீள வேண்டும், சன்னலுக்கு மேலேயும் அரை அடி உயர வேண்டும். அப்படி நீண்டால் இன்னொரு நன்மை: திரையை விலக்கும்போது துணி சுவர்ப்பக்கம் ஒதுங்கி, சன்னல் முழுதும் காற்றுக்குத் திறந்து கிடக்கும். சன்னலின் பாதியை மறைத்துக்கொண்டு துணி குவிந்து நிற்காது.

காற்று என்றதும் கொசு வந்துவிடுகிறது. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில், காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கடிப்பது. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைக் கொண்டுவருவது மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு இரவில் கடிப்பது. ஆகவே வலை பகலும் இரவும் இருக்க வேண்டும். திரை கொசுவை நிறுத்தாது. மடிப்புகளின் இருட்டில் பகல் முழுக்க அதற்கு இடம் கொடுக்கவும் செய்யும். சன்னல் வலையில் வழக்கமானது அங்குலத்துக்கு 18-க்கு 16 இழை. அதைவிட நெருக்கமான வலை தூசியையும் தடுக்கும் என்று விற்பார்கள், காற்றையும் தடுக்கும். கரூரைத் திரைத்துணிக்கும் படுக்கை விரிப்புக்கும் எல்லோரும் அறிவார்கள். பாலிஎத்திலீன் இழையில் கொசுவலை பின்னும் ஊரும் அதுவே. நம் சன்னலுக்கு வேண்டிய இரண்டும் ஒரே ஊரிலிருந்து வருகின்றன.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரும் கண்ணாடிச் சன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பாதிதான் திறக்கும். 2018-இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் குடியிருப்புக் கட்டட நெறி, நம் கடலோரம் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிப் படுக்கையறை என்றால் 20 சதுர அடி. நாலுக்கு நாலு அடி நகரும் சன்னலில் திறப்பது வெறும் 8. இப்படிப்பட்ட அறையில் எந்தத் திரையைத் தேர்ந்தாலும் புழுக்கம்தான், பழி திரையின் மேல் விழும்.

பழைய வீடுகளில் இருந்த பாதித் திரையை நாம் அவசரப்பட்டுக் கைவிட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். சன்னல் சட்டத்தின் நடுவே இரண்டு ஆணி, அவற்றுக்கிடையே ஒரு ஸ்பிரிங் கம்பி, அதில் கோத்த இரண்டு முழம் வாயில் துணி. தெருவில் நடக்கிறவர் கண்ணுக்குப் படுத்திருப்பவர் தெரியமாட்டார். மேல்பாதியில் காற்றும் வானமும் வரும், அறையின் வெப்பக் காற்று மேலே வென்டிலேட்டர் வழியாக வெளியேறும். துணி அழுக்கானால் ஒரு நிமிடத்தில் கழற்றி அலசிவிடலாம். தரைத்தளத்திலும் முதல் மாடியிலும், ஏசி இல்லாத படுக்கையறைக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்று அந்த இடத்தை ஷியர் என்று சொல்லும் மெல்லிய வலைத்துணி பிடித்திருக்கிறது. அதைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய துணி வழியாக, இருட்டான பக்கத்திலிருந்து வெளிச்சமான பக்கத்தைப் பார்க்கலாம், மறுபக்கத்திலிருந்து முடியாது. பகலில் வெளியே வெளிச்சம், ஆகவே நமக்குத் தெரு தெரியும், தெருவுக்கு நாம் தெரியமாட்டோம். இரவில் அறை விளக்கைப் போட்டதும் அப்படியே தலைகீழ். பெண்கள் உடைமாற்றும் அறையில் வெறும் ஷியரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சத்தத்துக்காகக் கனமான திரை வாங்குகிறவர்களும் உண்டு. அறைக்குள் எதிரொலியை அது குறைக்கும். தெருவிலிருந்து வரும் ஹாரன் சத்தம் சன்னல் சந்துகள் வழியாக வருவது, அதைத் துணி நிறுத்தாது.

தையல் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தெருமுனைத் தையற்காரர். பருத்தித் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அக்கா, ஒரு ராத்திரி தண்ணில ஊறவெச்சு, காயவெச்சுக் கொண்டாங்க. அப்புறந்தான் கத்திரி வைப்பேன்."

"அவசரம்ணே, விருந்தாளி வர்றாங்க."

"வரட்டும். இப்ப தெச்சா அழகா இருக்கும். மொதத் தடவ தொவச்சதும் முட்டிக்கு மேல பாவாட மாதிரி ஏறிக்கும்."

அவர் சொன்னது சரி. ஏழடித் துணி ஊறிக் காய்ந்தபோது மூன்று அங்குலம் சுருங்கியிருந்தது. அகலத்திலும் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். 48 அங்குலப் பன்னாத் துணி ஒன்று, மடிப்போடு தொங்கும்போது இரண்டடிச் சன்னலைத்தான் மூடும். நாலடிச் சன்னலுக்கு இரண்டு, அரையடி அரையடி ஓரமும் சேர்த்தால் மூன்று. துணியை மிச்சம் பிடித்தால் இழுத்து மூடும்போது மடிப்பே இல்லாமல் பந்தல் துணி போல் விறைத்து நிற்கும், நடுவே சந்தும் விழும். ஆயத்தமாகத் தைத்து விற்பவை பெரும்பாலும் 5, 7, 9 அடி உயரங்களில் கிடைக்கின்றன. சன்னலடிச் சுவருக்குக் கீழே ஒரு சாண் இறங்குவது படுக்கையறைக்கு நல்லது. தரையைத் தொட்டுப் புரளும் திரை படத்தில் அழகு. துடைப்பமும் மாப்பும் தினம் புழங்கும் வீட்டில் ஒரே மாதத்தில் அதன் விளிம்பு கறுத்துவிடும்.

துணிக்குப் பதில் பிளைண்ட் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தூசி ஒவ்வாமையும் இளைப்பும் உள்ளவர் படுக்கும் அறைக்கு ரோலர் பிளைண்ட் நல்லது. மடிப்பு இல்லை, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பட்டை அடுக்கிய வெனிஷியன் வகை, துடைக்கப் பொறுமை இருக்கிறவர்களுக்கு. ஆனால் குழந்தை உள்ள வீட்டில் அதன் கயிறு உயிருக்கு ஆபத்து. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அமெரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் பிளைண்ட் கயிறு கழுத்தில் சுற்றி இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அங்கே கடைகளில் ஆயத்தமாக விற்பவற்றுக்கு 2018 கடைசியிலும், அளவெடுத்துச் செய்பவற்றுக்கு 2024 ஜூனிலும், கயிறே இருக்கக்கூடாது அல்லது குழந்தை கைக்கு எட்டக்கூடாது என்ற தரவிதி நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் வளையமாகத் தொங்கும் மணிக்கயிறோடு இன்னும் விற்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் கயிறில்லாததைக் கேளுங்கள். ஏற்கெனவே இருந்தால் ஐந்தடிக்கு மேலே ஒரு கொக்கி அடித்து, வளையத்தை இறுக்கிக் கட்டுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் அந்தச் சன்னலை விட்டு இன்றைக்கே தள்ளிப் போடுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்களின் பாடு தனி. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், சன்னல் குழிக்குள் இரு சுவரையும் அழுத்தி நிற்கும் ராடு கிடைக்கிறது. லேசான துணியைத் தாங்கும், கனமானது என்றால் நடுராத்திரியில் மேலே விழும். வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை வீடு மாறும்போது கூடவே வந்துவிடும், ஒட்டிய பசை மட்டும் சட்டத்தில் தங்கும். வீட்டுக்கு வீடு சன்னல் அளவு மாறுவதால், இருப்பதில் பெரிய அளவுக்கு வாங்கி, கீழே தாராளமாக மடித்துத் தைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வீட்டில் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

ஐப்பசி மழையில், சாரலடிக்கும் சன்னலின் லைனிங் துணியில் கறுப்புப் புள்ளி பூக்கும். துவைத்தாலும் அது போவதில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி முடிவதற்குள் கனத்த திரைகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, பீரோவில் வைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் திரையை மாட்டிவிடுகிறோம். தை பிறந்து வெயில் ஏறும்போது பழையபடி.

அந்த மேற்குச் சன்னலில் இப்போது மூன்று பொருள்கள் இருக்கின்றன. வெளியே, சன்ஷேடின் அடியில் மூங்கில் தட்டி. பகல் 2 மணிக்கு இறக்கி, வெயில் சாய்ந்ததும் சுருட்டி ஏற்றுவது அம்மாவின் வேலை, அதை வேறு யாருக்கும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. நடுவில் கொசுவலை. உள்ளே, வெள்ளை லைனிங் வைத்த வெளிர்பச்சைக் கைத்தறித் துணி, ஊறவைத்துத் தைத்தது. மெரூன் திரையைப் பிரித்து, இரவு ஷிஃப்ட் பார்க்கும் என் தம்பியின் வடக்கு அறைக்குப் பெல்மெட்டோடு மாட்டிவிட்டேன். அங்கே வெயில் குறைவு. காலை 7 மணிக்கு வந்து படுப்பவனுக்கு இருட்டுதான் வேண்டும். போன ஏப்ரலில் ஒரு மாலை 5 மணிக்கு, மேற்கு அறையில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மறுபடியும் கையை விட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது, கையை எடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.